சோவியத் யூனியனே போய்விட்டது, லண்டனில் 'சோவியத் ஆய்வு' நூலகம் இன்னும் எதற்கு?

நீங்கள் கேட்பது தென் லண்டனில், பிரிக்ஸ்டன் சாலையில் இருக்கும் எஸ்சிஆர்எஸ்எஸ் பற்றி. ரஷ்ய, சோவியத் ஆய்வுகளில் ஒத்துழைப்புக்கான சங்கம் என்று தமிழில் சொல்லலாம். என் பதில் இதுதான்: அந்த நாடு போய்விட்டதால்தான் அந்த நூலகம் வேண்டும். இருக்கிற நாடு தன் காகிதங்களைத் தானே பார்த்துக்கொள்ளும். இல்லாமல் போன நாட்டின் காகிதங்களை யாராவது எடுத்து வைத்தால்தான் உண்டு.

இதை நான் ஊரிலேயே கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு அலமாரியில் பாதி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சிகளில் அப்பா வாங்கியவை. மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே அச்சடித்த புத்தகங்கள். கெட்டி அட்டை, நல்ல தாள், விலையோ கொஞ்சம்தான். ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் மாஸ்கோவிலேயே தங்கி மொழிபெயர்த்தவை. 1991-க்குப் பிறகு வரத்து நின்றது. வீடு மாற்றும்போது எங்களுடையதில் பெரும்பகுதி பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விட்டது. இன்றுவரை எனக்கு அது வருத்தம்தான்.

படிக்க லண்டன் வந்தபோது பிரிக்ஸ்டன் நூலகத்துக்குப் போனதற்குக் காரணமும் அதுதான். வரலாறு, இலக்கியம், நாடகம், கலை என்று ரஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் வரிசை வரிசையாக நூல்கள். சோவியத் வாழ்க்கையைக் காட்டும் பெரிய புகைப்படத் தொகுப்பும் இருக்கிறது. சங்கம் நடத்திய 'ஆங்கிலோ-சோவியத் ஜர்னல்' இதழ்களைப் புரட்டினால், அந்தந்தக் காலத்தில் பிரிட்டனில் இருந்தவர்கள் அந்த நாட்டைப் பற்றி என்ன தெரிந்து வைத்திருந்தார்கள், என்ன நம்பினார்கள் என்பது தெரியும். பின்னாளில் எழுதப்பட்ட வரலாற்று நூலில் இது கிடைக்காது.

சங்கம் தொடங்கியது 1924-இல். பிரிட்டன் சோவியத் அரசை அங்கீகரித்ததும் அதே ஆண்டுதான். ஆரம்ப காலத்தில் ஆதரவு தந்தவர்களில் பொருளியலாளர் கெய்ன்ஸ், எழுத்தாளர்கள் எச்.ஜி.வெல்ஸ், ஈ.எம்.ஃபார்ஸ்டர், உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி எல்லாரும் உண்டு. இவர்களை ஒரே அரசியல் முகாமில் அடைக்க முடியாது. அப்புறம், 1927-இல் லண்டனில் சோவியத் வர்த்தக நிறுவனமான ஆர்கோஸில் போலீஸ் சோதனை நடந்து, தூதரக உறவே முறிந்தது. அது திரும்ப ஒட்டியது 1929-இல். அரசுகள் பேசிக்கொள்ளாத அந்த இரண்டு வருடமும் இந்தச் சங்கம் இருந்தது. எனக்கு அதன்மேல் மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் அது மாஸ்கோவின் பிரச்சார நிலையம்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெளிநாட்டுக் கலாசார உறவுகளுக்காக 1925-இல் மாஸ்கோவில் வோக்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இதுபோன்ற சங்கங்களோடு தொடர்பு வைத்திருந்தது அதுதான். தன் நாட்டின் நல்ல முகத்தைக் காட்டுவதுதான் அதன் வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் முதல் தலைவர் ஓல்கா காமெனெவா, ஸ்டாலினுக்கு எதிரியாகிப்போன புரட்சித் தலைவர் டிராட்ஸ்கியின் தங்கை. 1929-இல் பதவி போனது, 1941-இல் அதே அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. அவர் காலத்து வெளியீடு ஒன்றைக் கையில் எடுத்தால் அந்த நல்ல முகமும் அவருடைய இந்த முடிவும் சேர்ந்தே நினைவுக்கு வரும். பிரச்சாரமும் வரலாற்றுச் சான்றுதான். தூக்கி எறிந்துவிட்டால் யார், எதை, எப்படிச் சொன்னார்கள் என்று சரிபார்க்க வழியே இல்லாமல் போய்விடும்.

பெயர் விஷயம்: 1992-இல்தான் இப்போதைய பெயருக்கு மாறினார்கள். 'ரஷ்ய' என்று மட்டும் வைத்திருக்கலாமே என்றால், எனக்கு உடன்பாடில்லை. உக்ரைன், ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் உட்பட 15 குடியரசுகள் சேர்ந்திருந்த காலத்தை 'ரஷ்யா' என்ற ஒரே சொல்லுக்குள் அடைப்பது தப்பு.

சரி, யாருக்குப் பயன்? ஆய்வு மாணவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், நாடகக்காரர்கள், பழைய படம் தேடும் பதிப்பகங்கள். ரஷ்ய மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆங்கில நூல்களே நிறைய உண்டு. சின்ன இடம், தன்னார்வலர்களை நம்பி நடப்பது. அதனால் போவதற்கு முன் எழுதிக் கேட்டு, நாள் குறித்துக்கொண்டு போங்கள்.