விக்கிப்பீடியாவில் ஒரு சர்ச்சைக்குரிய மனிதரைப் பற்றிய கட்டுரையில் ‘நடுநிலை’யை எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஒரு தலைவரைப் பற்றிய கட்டுரையை ஆதரவாளர்கள் ஒரு பக்கமும் எதிர்ப்பாளர்கள் இன்னொரு பக்கமும் மாற்றிக்கொண்டே இருந்தால், கடைசியில் ஆளுக்குப் பாதி இடம் கொடுத்துச் சமாதானம் செய்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் செய்வதில்லை, செய்யவும் கூடாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் விக்கிப்பீடியாவில் தொகுத்து வருகிறேன். ஒவ்வொரு கட்டுரையையும் பற்றித் தொகுப்பவர்கள் விவாதிக்கும் உரையாடல் பக்கங்களில் நான் அதிகம் எதிர்த்து வாதாடியது இந்த ‘ஆளுக்குப் பாதி’ எண்ணத்தைத்தான்.

விக்கியின் நடுநிலைக் கொள்கை கேட்பது வேறு. அந்த மனிதரோடு தொடர்பில்லாத, நம்பத்தகுந்த நூல்களும் நாளிதழ்களும் ஒரு விஷயத்துக்கு எவ்வளவு இடம் தந்திருக்கின்றனவோ, கட்டுரையும் ஏறத்தாழ அவ்வளவுதான் தர வேண்டும். நாற்பது ஆண்டு பொதுவாழ்வில் இருந்தவரின் வாழ்க்கை நாலு வரியிலும், ‘சர்ச்சைகள்’ என்ற தலைப்பு இரண்டு பக்கத்துக்கும் இருந்தால், வரிக்கு வரி சான்று இருந்தாலும் அது சாய்ந்த கட்டுரை. தீர்ப்பு வந்து தண்டனையும் பெற்ற வழக்கைக் கடைசிப் பத்தியில் அரை வரியாக ஒளித்து வைத்தாலும் சாய்வுதான்.

நடை நிதானமாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர். 2005 மே மாதம், பெயர் தெரிவிக்காத ஒருவர் ஆங்கில விக்கியில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க அதிபராக இருந்த ஜான், அவர் தம்பி ராபர்ட் என்ற இரு கென்னடி சகோதரர்களின் கொலையிலும் சீகன்தாலருக்கு நேரடித் தொடர்பு இருந்ததாகச் சிறிது காலம் கருதப்பட்டது என்று ஒரு வரி. எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று அடுத்த வரி. அந்த இரண்டாவது வரிதான் என்னை இன்றும் பதற வைக்கிறது. பார்த்தால் எவ்வளவு நியாயமான வாக்கியம்! ஆனால் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று எழுதிவிட்டாலே, சந்தேகித்தார்கள், விசாரித்தார்கள், தப்பித்தார் என்ற மூன்றும் படிப்பவர் மனதில் ஏறிவிடும். அவர்மீது அப்படி ஒரு சந்தேகமே இருந்ததில்லை. ராபர்ட்டின் இறுதிச் சடங்கில் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். நான்கு மாதங்களுக்கு மேல் அந்த வரிகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. அந்த நவம்பரில், 78 வயதில், யூஎஸ்ஏ டுடே நாளிதழில் அவரே இதை எழுதினார்.

அடுத்த மாதமே, 2005 டிசம்பரில், வாழும் மனிதர்களைப் பற்றிய தனிக் கொள்கை பிறந்தது. உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றிச் சான்றில்லாமலோ சொத்தைச் சான்றோடோ சர்ச்சைக்குரிய எதை எழுதியிருந்தாலும், விவாதத்துக்குக் காத்திராமல் உடனே நீக்க வேண்டும். பொதுவாக 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தை மூன்று தடவைக்கு மேல் மீட்டெடுத்தால், அதாவது மற்றவர் செய்த மாற்றத்தை அழித்துப் பழையபடி ஆக்கினால், பயனரைத் தடை செய்யலாம். இந்த வகை நீக்கத்துக்கு அந்த வரம்பில் விலக்கு உண்டு. தலைவர்களைப் போன்ற பொது மனிதர்கள் விஷயத்தில் கொள்கைக்கு மறுபக்கமும் இருக்கிறது. பல நம்பகமான ஊடகங்கள் பதிவு செய்த குற்றச்சாட்டை, அவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எடுத்துவிட முடியாது. அவர் மறுத்திருந்தால் அந்த மறுப்பும் கூடவே வர வேண்டும். சாதாரண மனிதர் என்றால், தீர்ப்பு வரும்வரை வழக்கையே குறிப்பிடாமல் விடுவது பற்றித் தீவிரமாக யோசிக்கச் சொல்கிறது.

இது நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க விரும்பினால், ஆங்கில விக்கியில் டோனல்ட் டிரம்ப் கட்டுரையின் உரையாடல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒருமித்த முடிவுகள் எண்ணிட்டு வரிசையாக அங்கே இருக்கும். அதில் ஒன்று 2017இல் எட்டியது: விக்கியின் சொந்தக் குரலில் அவரைப் ‘பொய்யர்’ என்று எழுதக் கூடாது. அவர் சொன்னவற்றில் பல உண்மைக்கு மாறானவை என்பதைச் சான்றோடு எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் பொய் என்றால், தெரிந்தே ஏமாற்றினார் என்று அவர் மனதுக்குள் நுழைந்து சொல்வதாகிவிடும். ஆதரவாளர்களுக்கு ‘உண்மைக்கு மாறானவை’ என்பதே பிடிக்காது, எதிர்ப்பாளர்களுக்கு அது போதாது. இரண்டு தரப்பும் திருப்தியடையாததால் அந்த முடிவு சரி என்று நான் சொல்லவில்லை. சான்றுகள் எதுவரை போயினவோ அதுவரை மட்டும் போய் நின்றது, அதனால்தான் அது சரி.

நம் ஊர் வாழ்க்கை வரலாறுகளில் சண்டை பெரும்பாலும் சாதியில் தொடங்கும். நடிகர், கிரிக்கெட் வீரர், அதிகாரி என்று யார் பக்கத்தையும் விட்டுவைப்பதில்லை. ‘எங்கள் ஆள்’ என்று பெருமையாகச் சேர்ப்பவர்களும் உண்டு, மட்டம் தட்டச் சேர்ப்பவர்களும் உண்டு. ஆங்கில விக்கியில் இதற்கு ஒரு நிலைத்த வழக்கம் இருக்கிறது: உயிரோடிருப்பவரின் சாதியை, அவரே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் ஒழிய எழுதக் கூடாது. பெயரையும் ஊரையும் வைத்து யூகிப்பது சான்றாகாது. இந்தக் கோட்டில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

தமிழில் இன்னொரு சிக்கல், நம் சான்றுகளே பல நேரம் கட்சிக்காரர்கள். முரசொலி திமுகவின் ஏடு. தன் கட்சி என்ன அறிவித்தது என்பதற்கு அதைக் காட்டலாம். எதிர்க்கட்சித் தலைவர் ஊழல் செய்தார் என்பதற்கு அது மட்டும் போதாது. எல்லாக் கட்சி ஏடுகளுக்கும், கட்சி சார்ந்த தொலைக்காட்சிகளுக்கும் இதே அளவுகோல்தான். யூடியூப் பேட்டிகளை வைத்து ஒருவர்மேல் குற்றம் சுமத்தும் பழக்கம் இப்போது மிக அதிகம். அவற்றை நான் பார்த்த இடத்திலேயே எடுத்துவிடுகிறேன். எழுதுபவர்களுக்கும் இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. 2024இல் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய கட்டுரைக்காக டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தபோது, கட்டுரையைத் திருத்தியவர்களின் விவரங்களைக் கொடுக்கச் சொல்லும் அளவுக்கு நீதிமன்றம் போனது.

நீங்களே இப்படி ஒரு மோதலில் மாட்டியிருந்தால், மீட்டெடுப்பதை நிறுத்திவிட்டு உரையாடல் பக்கத்துக்குப் போங்கள். எதிராளி எந்தக் கட்சி என்று ஆராய வேண்டாம். கட்டுரையில் இருக்க வேண்டிய வாக்கியத்தை முழுதாக எழுதி, சான்றையும் வைத்து, இதில் எந்தச் சொல் தவறு என்று கேளுங்கள். ‘இவர் மோசமானவர்’, ‘இல்லை, மகான்’ என்ற பேச்சு அங்கேயே வற்றிவிடும். கட்டுரை உங்களைப் பற்றியதாகவோ உங்கள் குடும்பத்தினரைப் பற்றியதாகவோ இருந்தால், கட்டுரையைத் தொடாமல், யார் என்பதைச் சொல்லி உரையாடல் பக்கத்தில் கோரிக்கை வையுங்கள்.

தமிழ் விக்கியில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றைக் கவனிக்கும் கண்கள் மிகக் குறைவு. சீகன்தாலருக்கு நடந்தது இங்கே இன்றைக்கே நடக்கலாம். கணக்குத் தொடங்கி, உங்களுக்குத் தெரிந்த பொது மனிதர்களின் பக்கங்களை, அவற்றில் நடக்கும் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்களிடமிருந்து தொடங்கலாம். தேர்தல் நெருங்கும்போது அதிகம் அடிவாங்குபவை அந்தப் பக்கங்கள்தான்.