நம்மூர் வெயிலில் வளர்ந்தவருக்கு ஐரோப்பியக் கோடையில் சைக்கிள் பயணம் எளிதுதானா?

எளிது இல்லை. நானும் எளிது என்று நினைத்துத்தான் போனேன்.

கேள்வி கேட்டவர் ஜூலையில் தென்பிரான்சில் சைக்கிளில் சுற்றப் போகிறார். மதுரையில் வளர்ந்த தனக்கு 35 டிகிரி எல்லாம் ஒரு பொருட்டா என்று கேட்டிருக்கிறார். ஐயா, நான் வேலூர்க்காரன். கத்திரி வெயிலில் செருப்பில்லாமல் கிரிக்கெட் ஆடியவன். உங்களிடம் இருக்கும் அதே மிதப்பு என்னிடமும் இருந்தது. ஒரே நாளில் அது இறங்கியது.

துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் 240 கிலோமீட்டர் ஓடும் ஒரு கால்வாய் இருக்கிறது. 1681இல் திறக்கப்பட்டது. பெயர் கனால் து மிதி. பிரெஞ்சில் ‘மிதி’ என்றால் தெற்கு. நண்பகலுக்கும் அதே சொல்தான். நமக்கோ மிதி என்றால் மிதிப்பதுதான். மூன்று பொருளும் எனக்கு அன்று ஒன்றாக விளங்கின.

முன்காலத்தில் குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரைதான் இன்று சைக்கிள் பாதை. மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கார்கசோனிலிருந்து பெசியே வரை கால்வாயோடு போனால் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சமதளத்தில் 100 என்பது பெரிய தூரமா என்று எண்ணி, விடுதியில் எட்டு மணிக்குப் போட்ட காலை உணவை நிதானமாகச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குத்தான் கிளம்பினேன். கூடாரம், துணி, பாத்திரம் என்று 18 கிலோ சுமை. தண்ணீர் ஒன்றரை லிட்டர். காற்று குளிர்ச்சியாகவே இருந்தது.

இந்தக் கால்வாயின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். இருகரையிலும் ஓங்கிய பிளேன் மரங்கள், கொய்யா மரம் போலப் பட்டை உரிந்த வழவழப்பான தண்டு, நீரின் மேல் பச்சைப் பந்தல். நானும் அந்தப் படத்தை நம்பித்தான் வழியைத் தேர்ந்தேன். ஆனால் 2006இல் இந்த மரங்களில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது, அதுவும் கார்கசோனை அடுத்த இதே பகுதியில். மருந்து கிடையாது. நோய் கண்ட மரத்தையும் அதன் அண்டை மரங்களையும் வெட்டி எரிக்கத்தான் வேண்டும். 42,000 மரங்கள் நின்ற கரையில் மைல் கணக்கில் இப்போது வெட்டவெளி. புதிதாக வேறு இன மரங்களை நட்டிருக்கிறார்கள். நான் பார்த்த கன்றுகளின் நிழலில் ஒரு பூனை படுக்கலாம். மரங்கள் மிஞ்சிய இடங்களிலோ வேர்கள் பாதையைப் பெயர்த்துக்கொண்டு முட்டி நிற்கின்றன. நிழல் வேண்டுமென்றால் இடுப்பு நோகும், இடுப்பு தப்பினால் தலை காயும்.

வியர்க்கவே இல்லை என்பதுதான் என்னை ஏமாற்றிய முதல் விஷயம். சென்னையில் பத்து நிமிடம் மிதித்தால் சட்டையைப் பிழியலாம். அங்கே காற்று அவ்வளவு வறட்சி. வியர்வை வந்ததும் காய்ந்துவிடுகிறது. உடம்பு நன்றாகத் தாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள் படிந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அன்று வீசியதும் மேற்குக் காற்று, அந்த ஊர்க்காரர்கள் ‘செர்ஸ்’ என்பார்கள். முதுகில் தள்ளும் காற்று சைக்கிள்காரனுக்கு வரம் என்பார்கள். நான் போகும் வேகமும் அதன் வேகமும் ஏறக்குறைய ஒன்றானபோது முகத்தில் ஒரு துளிக் காற்றுகூடப் படவில்லை. மூடிய அறைக்குள் மிதிப்பது போல இருந்தது. சில்வண்டுகள் காதைத் துளைத்தன.

பன்னிரண்டரைக்கு ஓம்ப்ஸ் என்ற சிற்றூர். நாற்பது கிலோமீட்டர் முடிந்திருந்தது. கடை கதவை இழுத்துச் சாத்தும் நேரம். ஒரு ரொட்டியும் இரண்டு பீச் பழமும் வாங்கிவிட்டேன். மிஞ்சியிருந்த ஒரு பெரிய மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தேன். ‘வெயில் தாழ்ந்ததும் கிளம்பலாம்’ என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதே கணக்கு. நான்கு மணிக்கு எழுந்து கிளம்பினேன்.

அங்கேதான் தவறு.

ஒன்றரை மணி நேரம் மிதித்திருப்பேன். தண்ணீர் தீர்ந்து, வழியில் ஓர் ஊருக்குள் திரும்பினேன். பிரான்சில் மருந்துக்கடை வாசலில் பச்சை விளக்குச் சிலுவை ஒன்று இருக்கும். நேரத்தையும் வெப்பத்தையும் மாற்றி மாற்றிக் காட்டும். 17:40 என்றது. அடுத்து 39 என்றது. கருவி பழுது என்று நினைத்து நின்று பார்த்தேன். மறுபடியும் 39.

பழுது என் கணக்கில்தான். 1940இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பிரான்சின் கடிகாரம் பெர்லின் நேரத்துக்கு மாற்றப்பட்டது. போருக்குப் பிறகும் அது திரும்பவில்லை. அதன் மேல் கோடையில் இன்னொரு மணி நேரத்தைக் கூட்டுகிறார்கள். வேலூரில் பன்னிரண்டேகாலுக்கு உச்சிக்கு வரும் சூரியன், அங்கே ஜூலையில் இரண்டு மணி அளவில்தான் வருகிறது. அங்கே மாலை ஐந்து என்பது நம்மூர் மூன்றேகால். உச்சி வெயிலில் நிழலில் படுத்துவிட்டு, மண்ணும் கல்லும் முழுதாகக் காய்ந்து அனல் கக்கும் நேரம் பார்த்து நான் கிளம்பியிருக்கிறேன். அதற்கு ‘வெயில் தாழ’ என்று பெயர் வேறு.

மருந்துக்கடைக்கு நடக்க வேண்டும் என்று நினைத்தேன், கால் நகரவில்லை. 39 டிகிரியில் கை மயிர் சிலிர்த்து நின்றது, குளிர்வது போல ஓர் உதறல். அது நல்ல அறிகுறி இல்லை என்ற அளவுக்கு மட்டும் புத்தி வேலை செய்தது. பக்கத்தில் தாழ்ந்த மதில், இரும்புக் கதவு: கல்லறைத் தோட்டம். மயானம் என்றால் நாம் ஒதுங்கிப் போவோம். சைக்கிளில் சுற்றுகிறவர்கள் பிரான்சில் அதைத் தேடித்தான் போகிறார்கள், ஏனென்றால் பூச்செடிகளுக்கு ஊற்ற உள்ளே ஒரு குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாப்ல்’ என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

குழாயடியில் ஒரு மூதாட்டி பூவாளியில் நீர் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மதிலோரத்தில் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். பிறகு பூவாளியை என் பிடரியில் சாய்த்தார், செடிக்கு ஊற்றுவது போலவே, மெதுவாக. மூன்று பூவாளி. நான்காவதை எடுத்துக்கொண்டு தன் ஆளின் கல்லறைக்குப் போய்விட்டார்.

அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உதறல் நின்றது, ஆனால் குமட்டல் போகவில்லை. காலையிலிருந்து ஐந்து லிட்டராவது குடித்திருப்பேன், ஒரு கல் உப்புகூட உள்ளே போகவில்லை. ல சொமாய் என்ற ஊர் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாதி, ஏறிப் பாதி. அங்கே பழைய கல்பாலத்தருகே ஒரு கடையில் எலுமிச்சைச் சாறு கேட்டேன். கூடவே ஒரு கிண்ணம் ஆலிவ் காய் வந்தது. காய்களைத் தின்று, கிண்ணத்தின் அடியில் இருந்த உப்புநீரையும் தூக்கிக் குடித்தேன். பரிமாறிய பையன் பார்த்துவிட்டு இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தான். இந்தக் கால்வாயை வெட்டிய பியேர் போல் ரிக்கே, அரசருக்கு உப்பு வரி வசூலித்துப் பொருள் சேர்த்தவர். அவர் கரையிலேயே உப்பில்லாமல் சாய்ந்தேன் என்பது அன்றைய நிலையில்கூடச் சிரிப்பாக இருந்தது.

பெசியே போகவில்லை. எட்டு மணிக்குக் கிளம்பி, விளக்கு வைக்கும் நேரத்தில், அதாவது ஒன்பதரைக்கு, கபெஸ்தாங்கில் கூடாரம் அடித்தேன். 

ஆகவே போங்கள், ஆனால் ஜூன் தொடக்கமோ செப்டம்பரோ கிடைத்தால் ஜூலையை விட்டுவிடுங்கள். ஜூலைதான் வாய்க்கும் என்றால், விடுதியின் காலை உணவை மறந்துவிட்டு ஆறு மணிக்கு மிதிக்கத் தொடங்கி, ஒரு மணிக்கு நிறுத்திவிடுங்கள். ஏழு மணி வரை சைக்கிளைத் தொடாதீர்கள். பையில் உப்பு இருக்கட்டும். முடியவில்லை என்றால் கார்கசோனிலிருந்து பெசியே பக்கம் போகும் வட்டார ரயில்களில் சைக்கிளை ஏற்றலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மறுநாள் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். மிச்சமிருந்த 20 கிலோமீட்டரும் சில்வண்டு விழிப்பதற்குள் முடிந்துவிட்டது. பெசியேக்கு முன்னால் படகுகள் படிப்படியாக 21 மீட்டர் இறங்கும் ஃபோன்செரான் மதகுகள் இருக்கின்றன. ஏழரைக்கு அங்கே போய்ச் சேர்ந்தபோது மதகு திறக்க இன்னும் நேரம் இருந்தது. படகுக்காரர்கள் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தக்காளியை நறுக்கி உப்புத் தொட்டுத் தின்றேன்.