கேளுங்கள், சொல்கிறேன்: தினமும் மாறும் ஹைக்கு

இந்த மாதம் வந்த கேள்விகளில் மூன்று ஹைக்கு பற்றியவை. புதியவர்களுக்கு ஒரு வரி: பீஓஎஸ் என்ற பழைய இயங்குதளத்தை விரும்பியவர்கள், அதை உருவாக்கிய நிறுவனம் கைமாறிய 2001-இல், அதேபோன்ற ஒன்றைத் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். அதுதான் ஹைக்கு. இலவசம், திறமூலம்.

கேள்வி: என் மடிக்கணினியில் ஹைக்குவின் நைட்லி பதிப்பு இருக்கிறது. காலையில் திறந்தால் புது அப்டேட் காத்திருக்கிறது. தினமும் போட வேண்டுமா? போட்டு ஏதாவது கெட்டுப்போனால்?
– கல்லூரி மாணவர், ரோஸ் ஹில்

நைட்லி என்பது அன்றாட மாற்றங்களோடு வரும் சோதனைப் பதிப்பு. அது தெரிந்தே போட்டுக்கொண்டு அப்டேட் ஏன் வருகிறது என்பது, கடலோரத்தில் வீடு கட்டிவிட்டு அலைச்சத்தம் கேட்கிறது என்பது போல, தம்பி. தினமும் போட வேண்டியதில்லை.

ஒருவர் எழுதிய மாற்றம் முதலில் கெரிட் என்ற இடத்தில் மற்றவர்களின் பார்வைக்குப் போகும். அவர்கள் சரி என்ற பிறகு மூலநிரலில் சேரும். அப்படிச் சேரச் சேர, 'ஹெச்ரெவ்' என்று தொடங்கும் எண் ஒன்று கூடிக்கொண்டே போகும். அது 57 ஆயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டது. 'அபௌட் ஹைக்கு'வைத் திறந்தால் உங்கள் கணினியின் எண் தெரியும்.

எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள். பல மாற்றங்கள் எழுத்துப்பிழைத் திருத்தம், குறிப்புரைத் திருத்தம் என்றுதான் இருக்கும். நான் முதலில் பார்ப்பது மாற்றக் குறிப்பின் முதல் சொல்லை. எந்தப் பகுதியைத் தொட்டார்கள் என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். 'ட்ராக்கர்' என்றால் கோப்புகளைக் காட்டும் நிரல். அதில் கோளாறு வந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். 'கெர்னல்' (இயங்குதளத்தின் மையக்கரு), 'பிஎஃப்எஸ்' (டிஸ்கில் கோப்புகளை வைக்கும் முறை), 'பேக்கேஜ்எஃப்எஸ்' (மென்பொருள் பொதிகளை இணைக்கும் பகுதி) என்று இருந்தால் இரண்டு நாள் பொறுங்கள். அதற்குள் வேறு யாராவது விழுந்து எழுந்திருப்பார்கள். வைஃபை டிரைவர்கள் விஷயத்திலும் கொஞ்சம் உஷார் தேவை. அவற்றில் பல ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்ற வேறு இயங்குதளங்களின் நிரலிலிருந்து எடுத்து, ஓர் இடைத்தளத்தின் மேல் ஓட விட்டவை. அங்கிருந்து புதுச்சரக்கு வந்து இறங்கும்போது ஒருவருடைய கார்டு உயிர்பெறும், இன்னொருவருடையது அடங்கிப்போகும்.

கெட்டுப்போனால் பதற வேண்டாம், ஹைக்குவின் அழகே அங்கேதான். கணினி கிளம்பும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். யூஈஎஃப்ஐ என்ற புதுமுறையில் கிளம்பும் கணினி என்றால் ஸ்பேஸ் விசை. பட்டியல் வந்தால் எந்த டிஸ்க், எந்த நிலை என்று தேர்ந்தெடுக்கும் வரிக்குப் போங்கள். முந்தைய அப்டேட்களுக்கு முன் இருந்த நிலைகள் தேதி வாரியாக நிற்கும். பழைய தேதி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அன்றைய ஹைக்கு எழுந்து வரும். மென்பொருள் எல்லாம் பொதிகளாக (பேக்கேஜ்), படிக்க மட்டும் முடிகிற விதத்தில் இணைக்கப்படுவதால்தான் இது முடிகிறது. பழைய பொதிகளை அது தூக்கி எறிவதில்லை.

கெர்னலே நின்று, எழுத்துகள் நிறைந்த திரை வந்தால் அணைக்கும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிழை அறிக்கையோடு அதைச் சேர்த்து அனுப்பினால் எழுதியவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

சைக்ளோன் எச்சரிக்கை கொடுத்திருக்கும் நாளில் மட்டும் அப்டேட் பக்கம் போகாதீர்கள். பிஎஃப்எஸ் ஜர்னல் வைத்து, அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துக்கொண்டு, எழுதும் கோப்புமுறை. கரண்ட் போனாலும் டிஸ்கின் கட்டமைப்பு பெரும்பாலும் தப்பிவிடும். நீங்கள் பாதியில் விட்ட கட்டுரை தப்பாது.

கேள்வி: ஆரம்பப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பழைய கணினியில் ஹைக்கு போட்டால் தமிழில் வினாத்தாள் தயாரிக்க முடியுமா?
– ஆசிரியை, காத்ர் போர்ன்

முடியும் அம்மா, ஆனால் எந்த நிரலில் என்பதுதான் விஷயம். ஹைக்குவோடு வரும் ஸ்டைல்ட்எடிட் என்ற எழுதும் நிரலில் 'கெ' என்று அடித்துப் பாருங்கள். ககரம் முதலில் வரும், கொம்பு அதற்குப் பின்னால் போய் நிற்கும். 'தேங்காய்' என்று எழுதினால் இரட்டைக் கொம்பு தகரத்தைத் தாண்டி ஙகரத்தின் பக்கம் ஒட்டிக்கொள்ளும். மாணவன் அப்படி எழுதினால் நீங்கள் மதிப்பெண் குறைப்பீர்கள்.

எழுத்துரு மேல் பழியில்லை. திரையில் எழுத்து வரைகிற ஆப்சர்வர், குறியீடுகள் வந்த வரிசையிலேயே வரைந்துகொண்டு போகிறது. தமிழுக்கு வரிசை மாற்றி அடுக்கும் வேலை தேவை. லிப்ரேஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் அதற்கு ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைத் தானே கொண்டுவருகிறது. ஆகவே மென்பொருள் இறக்கும் இடமான ஹைக்குடிப்போவிலிருந்து லிப்ரேஆஃபிஸை இறக்கிக்கொள்ளுங்கள், வினாத்தாள் ஒழுங்காக வரும்.

2024 செப்டம்பரில் வந்த பீட்டா 5 (முழுப் பதிப்புக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வரை இதுதான் நிலை. தினமும் மாற்றம் சேர்கிறதே, இதைச் செய்யக்கூடாதா என்று எனக்கும் ஆதங்கம் உண்டு. ஆனால் இது ஒரு வரி மாற்றம் அல்ல. எழுத்தின் அகலத்தை அளப்பது, கர்சரை எங்கே நிறுத்துவது, மௌஸால் இழுத்தால் எங்கே வெட்டுவது என எல்லாமே ஓர் எழுத்துக்கு ஒரு குறியீடு என்ற கணக்கில் எழுதப்பட்டவை. அத்தனையையும் தொட வேண்டும். தமிழ், இந்தி, அரபி தெரிந்த யாராவது உள்ளே போய் உட்கார்ந்தால்தான் நகரும். நம் மொரீஷியஸ் தீவில் தமிழும் சி++ஸும் தெரிந்த பிள்ளைகள் இல்லாமல் போகவில்லை.

கேள்வி: இருபது ஆண்டுக்கு மேலாகியும் இன்னும் பீட்டாதானா? முதல் பதிப்பு எப்போது?
– வாசகர், போர்ட் லூயி

தேதி யாரும் கொடுப்பதில்லை, நானும் கொடுக்க மாட்டேன். முதல் ஆல்ஃபா 2009-இல், முதல் பீட்டா 2018-இல். பெரும்பாலோர் வேலைவெட்டி முடிந்து ராத்திரியில் எழுதுகிறவர்கள். 2021-இல்தான் நன்கொடைப் பணத்தில் ஒருவர் முழுநேரமாக வேலை செய்யத் தொடங்கினார். போதாக்குறைக்கு, பழைய பீஓஎஸ் நிரல்கள் அப்படியே ஓட வேண்டும் என்று 32 பிட் பதிப்பில் ஜிசிசி 2 என்ற பழைய தொகுப்பியை (கம்பைலர்) இன்னமும் கட்டிக்காக்கிறார்கள். எனக்கு அது வீண் பிடிவாதமாகத்தான் படுகிறது. அவர்களுக்கோ அது கொடுத்த வாக்கு. புதிதாகப் போடுகிறவர்கள் 64 பிட் பதிப்பையே எடுங்கள், பீட்டா 5 போதும்.