தோப்ப அடமானம் வெக்காதீங்கண்ணா

பையன எந்த இன்ஜினியரிங் கோர்ஸ்ல சேக்கலாம்னு பேச காவேரிப்பட்டணத்துல இருந்து நீங்களும் அண்ணியும் அவனோட வந்தப்ப மொதல்ல "பயப்படாதீங்க"ன்னு தான் சொல்லிட்டு இருந்தேன். பெங்களூர் மச்சான் பேச்சக் கேட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவுல சிஎஸ்இ ஏஐ (ஏஐயோட சேந்த கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்), நாலு வருசத்துக்கு 14 லட்சம், அதுக்கு மாந்தோப்பு அடமானம்னு நீங்க சொல்ல சொல்ல எனக்கு வந்த கோவத்த அடக்கிட்டேன், இப்ப எழுதுறேன்.

அன்னிக்கு பையன் சொன்னத நீங்க காதுல வாங்கல. போர் மோட்டாருக்கு செல்லுல மெசேஜ் அனுப்பி ஆன், ஆஃப் பண்ற சிம் போட்ட ஸ்டார்ட்டர், டவர் சரியா கெடைக்காது, ஒருநாள் ஆஃப் பண்ண அனுப்புன மெசேஜ் போய்ச் சேராம, தண்ணி எறங்குன போர்ல மோட்டார் வெறுமனே ஓடி காயில் கருகிருச்சு. ரீவைண்டிங் செலவுக்கு நீங்க திட்டுனது மட்டும் உங்களுக்கு ஞாபகம் இருக்கு. அவன் அதுக்கப்புறம் சின்னதா ஒரு எலக்ட்ரானிக் போர்டு வாங்கி, 10 நிமிசம் சேதி வரலன்னா மோட்டார் தானா நிக்குற மாதிரி புரோகிராம் போட்டு வெச்சிருக்கான்.

இதுக்கு ஒரு படிப்பே இருக்குதுங்கண்ணா, கன்ட்ரோல் இன்ஜினியரிங். சென்சார்ல இருந்து அளவு பாக்கெட் பாக்கெட்டா, அதாவது துண்டு துண்டு சேதியா போகுது, வழியில சிலது தொலையுது. வாட்ஸ்அப்புன்னா லேட்டா வந்தாலும் படிச்சுக்கலாம், இங்க பழைய அளவ திரும்ப அனுப்பி பெருசா பிரயோஜனம் இல்ல, அதுக்குள்ள தண்ணி மட்டமே மாறிருக்கும். பாக்கெட் வரலன்னா நிக்கணுமா, கடைசியா வந்த ஆர்டரையே புடிச்சுட்டு ஓடணுமா? எல்லாத்துக்கும் பொருந்துற பதில் கெடையாது. உங்க போருக்கு நிக்குறது சரி, பறக்குற ட்ரோன் நின்னா விழுந்துரும். அதனால சில எடத்துல அடுத்த நாலஞ்சு ஆர்டரையும் ஒரே பாக்கெட்டுல முன்கூட்டியே அனுப்பி வெச்சுடுவாங்க, நடுவுல ஒண்ணு ரெண்டு தொலைஞ்சாலும் மெஷின் கையிருப்ப வெச்சு ஓட்டிக்கும். எவ்ளோ தொலையலாம்னும் கணக்கு இருக்கு. 2004ல சினோபோலின்னு ஒரு ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் போட்டது: ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் தப்பு ரெண்டு மடங்காகுற சிஸ்டம்னா, நாலுல ஒரு பாக்கெட் தொலையுற அளவுக்கு வந்துட்டாலே மெஷின் இப்ப எந்த நெலமையில இருக்குன்னு நம்ம போடுற கணிப்பு கைய விட்டுப் போயிரும். பையன் கிட்ட இத சொன்னப்ப அவன் மூஞ்சிய பாத்திருக்கணும் நீங்க.

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில ட்ரிபிள்ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) இருக்கு, அதுல கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் வருது. 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளி தானே அவன்? 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட்டு வந்தா டியூஷன், ஹாஸ்டல் பீஸ் அரசாங்கமே கட்டுது. அப்புறம் எம்.டெக் சேர்றதுக்கான கேட் பரீட்சை எழுதி மேல போகட்டும், இல்லன்னா ஓசூர் கம்பெனிகள்ல பிஎல்சி (மெஷின ஓட்டுற கன்ட்ரோலர்), ஆட்டோமேஷன் வேலைக்கு நிக்கட்டும். ஆரம்ப சம்பளம் மச்சான் பையன் அளவுக்கு வராம போகலாம், அத மறைக்க மாட்டேன். ஆனா கடனும் இருக்காதே. அவனுக்கு புடிக்காத கோர்ஸுக்கு தோப்பு போனா நான் அந்த பாவத்துல பங்கெடுக்க மாட்டேன்.

கவுன்சிலிங்ல காலேஜ், கோர்ஸ் வரிசைப்படுத்திக் குடுக்குற சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னாடி அவனுக்கு ஒரு வேலை குடுத்திருக்கேன். ஒரு வாரம் நிமிசத்துக்கு ஒரு சேதி அனுப்பி, எத்தன தொலையுது, ஒண்ணு ஒண்ணா தொலையுதா, மழை வந்தா கொத்தா தொலையுதான்னு நோட்டுல எழுதணும், ஏன்னா அந்த நாலுல ஒண்ணு கணக்கு தனித்தனியா தொலையுறதுக்கு தான். நோட்ட எடுத்துட்டு வாங்க. மச்சானையும் கூட்டிட்டு வாங்க, அவர் கிட்ட நான் பேசிக்கிறேன்.