பொட்டாசியம் 5.7: வாழைப்பழத்தை நிறுத்தினால் போதுமா?

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு 68 வயது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. பல வருஷமாக டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறார். போன மாதம் இதய டாக்டர் ஸ்பைரோனோலாக்டோன் சேர்த்தார். இப்போது பொட்டாசியம் 5.7. வாழைப்பழத்தையும் இளநீரையும் நிறுத்திவிட்டோம். போதுமா, இல்லை புது மாத்திரையையும் நிறுத்திவிடலாமா?"

போதாதும்மா. அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் இன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டு இந்த எண்ணைச் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை அவர் சொல்லட்டும். அது இதயத்துக்காகக் கொடுத்த மாத்திரை, நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

பொதுவாக 3.5 முதல் 5 வரை சரியான அளவு. உடம்பில் மிஞ்சும் பொட்டாசியத்தில் பெரும்பகுதியைச் சிறுநீரில் தள்ளுவது கிட்னிதான். அப்பா சாப்பிடும் இரண்டு மாத்திரைகளுமே அந்த வேலையைத்தான் மெதுவாக்குகின்றன. தனித்தனியாக நல்ல மருந்துகள், சேர்த்தும் கொடுப்பதுண்டு, ஆனால் பல வருஷ சுகரில் கிட்னி கொஞ்சம் தளர்ந்திருந்தால் பொட்டாசியம் ஏறிவிடும். அதனால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என்னிடம் வருகிறவர்களிடம் மருந்துப் பையை அப்படியே மேஜையில் கொட்டச் சொல்வேன். சீட்டில் இருக்கும் மாத்திரைகளோடு, பேர் பாதி கிழிந்த ஒரு துண்டு அட்டையும் பல நேரம் விழும். கேட்டால், "மூட்டு வலிக்கு மெடிக்கல்ல வாங்கினது சார்" என்பார்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து பொட்டாசியத்தை இன்னும் ஏற்றிவிடும். அப்பாவிடம் கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள், பயந்தால் மறைத்துவிடுவார்.

அப்புறம் உப்பு பாக்கெட். பிரஷருக்கு நல்லது என்று லோ சோடியம் உப்பு வாங்கியிருந்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், அந்தப் பொட்டாசியம் குளோரைடு ஒரு கிராமில் ஏறக்குறைய 500 மில்லிகிராம் பொட்டாசியம். வாழைப்பழத்தை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் இதைச் சாப்பிட்டால் என்ன பிரயோஜனம்? சாதாரண உப்பையே குறைவாகப் போடுங்கள்.

இளநீரை நிறுத்தியது சரிதான். ஒரு பெரிய காயில் ஒரு கிராம் அளவுக்கு பொட்டாசியம் இருக்கலாம், சென்னை வெயிலில் ஒரே நாளில் இரண்டு காய் குடிப்பவர்களும் உண்டு. உருளைக்கிழங்கு, சேனை, கீரையை மெல்லிசாக நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சத்து போகிறதே என்று அதை ரசத்தில் ஊற்றினால், வெளியே போன பொட்டாசியம் திரும்ப தட்டுக்கே வந்துவிடும்.

இது எல்லோருக்கும் பொருந்தாது. ஃப்யூரோசமைடு மாதிரி நீர் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு பொட்டாசியம் குறையத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன பத்தியத்தை அப்பாவுக்கும், அப்பாவுடையதை அவருக்கும் மாற்றிச் சொல்லாதீர்கள்.

டாக்டர் ரத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்லலாம். ஊசி குத்தும்போது கையை இறுக்கி இறுக்கி மூடித் திறந்தாலோ, எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்தாலோ எண் பொய்யாக ஏறும். அதற்காக, லேப் தப்பாகத்தான் இருக்கும் என்று நீங்களே தள்ளிவிடாதீர்கள், ஏனென்றால் நிஜமாகவே ஏறியிருந்தாலும் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஈசிஜி எடுக்கச் சொன்னால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். படபடப்பு, கை கால் துவண்டு போவது, மூச்சுத் திணறல், மயக்கம் இதில் எது வந்தாலும், அல்லது எண் 6-ஐத் தொட்டாலும், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. தேவைப்பட்டால் 108.

வாந்தி, பேதியில் அப்பாவால் தண்ணீர்கூட குடிக்க முடியாத நாளிலும் இந்த மாத்திரைகளைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், உடம்பில் நீர் வற்றும்போது கிட்னி சட்டென்று திணறும். மாத்திரை அளவு மாறினால், பொட்டாசியமும் கிரியாட்டினினும் என்றைக்கு மறுபடி பார்க்க வேண்டும் என்று தேதி வாங்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இருக்கும்.