சீலியாக் சந்தேகமா? கோதுமையை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்: கேள்வி பதில்

கேள்வி: 3 மாதமாகக் கோதுமை சாப்பிடுவதில்லை. டிடிஜி ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். சீலியாக் இல்லைதானே டாக்டர்?

பதில்: சொல்ல முடியாது. சீலியாக் என்றால், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் உடலே தன் சிறுகுடலைத் தாக்கிக் கெடுக்கும் நோய். அதில் ரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருளைத் தேடுவதுதான் டிடிஜி சோதனை. குளூட்டன் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் நிற்கும். நிறுத்தினால் சில மாதங்களில் வடிந்துவிடும், தேய்ந்த குடலுறிஞ்சிகளும் (குடல் சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள்) மெல்ல வளர ஆரம்பிக்கும். உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு, 6 வாரமாவது தினமும் கோதுமை சாப்பிட்ட பிறகு மறுபடி பாருங்கள். கூடவே ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவும் வேண்டும். சீலியாக் உள்ள 100 பேரில் 2, 3 பேருக்கு ஐஜிஏ இருக்கவே இருக்காது, அந்த வகையைத் தேடும் டிடிஜி-ஐஜிஏ சோதனை அவர்களிடம் நெகட்டிவ் காட்டி ஏமாற்றிவிடும்.

கேள்வி: சீலியாக்குக்கான ஜீன் சோதனையில் டிக்யூ2 என்ற மரபணு வகை இருக்கிறது. நோய் உறுதியா?

பதில்: இல்லை. 100 பேரில் 30, 40 பேரிடம் டிக்யூ2 அல்லது அதைப் போன்ற டிக்யூ8 இருக்கும். டிக்யூ2, டிக்யூ8 இரண்டுமே இல்லாவிட்டால்தான் அந்தச் சோதனையால் லாபம்: சீலியாக்கை அநேகமாக மறந்துவிடலாம்.

கேள்வி: மலம் எண்ணெய் பிசுக்கோடு மிதக்கிறது.

பதில்: கொழுப்பு சரியாகச் செரிக்கவில்லை என்று அர்த்தம். கணையம் சரியாகச் சுரக்காவிட்டாலும் அப்படி ஆகும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கணையம் சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி மலத்தில் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை.

கேள்வி: கோதுமையை விட்டதும் வயிறு சரியாகிவிட்டது. இதற்கு மேல் எண்டாஸ்கோபி எதற்கு?

பதில்: சரியானதை வைத்தே சீலியாக் என்று சொல்லிவிட முடியாது. கோதுமையில் ஃப்ரக்டான் என்ற ஒரு கார்போஹைட்ரேட்டும் இருக்கிறது. அது சேராமல் வயிறு உப்புகிறவர்களுக்கும் கோதுமையை விட்டால் சரியாகும்.

அவரே: வலி போனால் போதும், பெயர் எதுவாக இருந்தால் என்ன?

பதில்: ஃப்ரக்டான் ஆசாமி ஒரு துண்டு ரொட்டி தின்றால் ஒரு நாள் அவதி, அவ்வளவுதான். சீலியாக் என்றால் வலியே இல்லாமலும் குடல் கெடும், ரத்தசோகை வரும், எலும்பு தேயும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளையும் சோதிக்க வேண்டியிருக்கும். ஆயுள் முழுக்கப் பத்தியம் இருக்கப் போகிறவர் எதற்காக என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

இன்னொருவர்: நானும் அவர் கட்சி. டாக்டர்களுக்குச் சோதனை மோகம்!

பதில்: சரி, கட்சி நடத்துங்கள். கோதுமையை மட்டும் சோதனைக்குப் பிறகு விடுங்கள்.

கேள்வி: எண்டாஸ்கோபியில் எடுத்த குடல் திசுச் சோதனையில் உறிஞ்சிகள் தேய்ந்திருக்கின்றன. ஆனால் டிடிஜி நெகட்டிவ், ஐஜிஏ சரியாக இருக்கிறது. கோதுமையை நிறுத்தவே இல்லை.

பதில்: நல்ல கேள்வி. எல்லாத் தேய்மானமும் சீலியாக் அல்ல. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி, வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல் நோய், நோயெதிர்ப்புக் குறைபாடு என்று பல காரணங்கள் உண்டு, சில மாத்திரைகளும்கூட. ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?

அவரே: ஓல்மெசார்டன், 2 வருடமாக.

பதில்: அதுவே காரணமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறுங்கள். அதனால் வந்ததென்றால் வயிற்றுப்போக்கு நிற்கும், உறிஞ்சிகளும் தேறிவிடும்.

கேள்வி: டாக்டர், கோதுமையை நிறுத்திவிட்டு டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள் ஐயா.