பாட்டை எண்ணாதீர்கள், மணியை எண்ணுங்கள்

கே: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஐம்பது ஆண்டுகளாகச் சேர்த்த பாட்டுகளைக் கையடக்கமான ஒரு மியூசிக் பிளேயரில் ஏற்றிக்கொண்டு காலை நடையின்போது கேட்க ஆசை. வீட்டில் 210 கேசட்டுகள் இருக்கின்றன. அவற்றில் 40 மட்டும் தொண்ணூறு நிமிடக் கேசட், மற்றவை அறுபது. 85 சி.டி.க்கள் உண்டு. மகன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த திரைப்பாடல்கள் 1,100. கடையில் கேட்டால், 256 ஜி.பி.க்குக் குறைந்து வாங்கினால் பின்னால் வருத்தப்படுவீர்கள் என்கிறார்கள். பிளேயரின் அட்டைப் பெட்டியிலோ ‘16 ஜி.பி., 4,000 பாடல்கள்’ என்று அச்சிட்டிருக்கிறது. யாரை நம்புவது?
வாசகர், மயிலாடுதுறை

ப: இருவரையுமே நம்ப வேண்டாம், ஐயா. ஒருவர் விற்க வேண்டியவர். இன்னொருவர் உங்கள் வீட்டுப் பரணைப் பார்த்திராதவர்.

கும்பகோணத்தில் பதினெட்டு வருடம் கேசட் பதிவுக் கடை நடத்தியவன் நான். கோடு போட்ட நோட்டுத் தாளில் பாட்டு வரிசையை எழுதிக்கொண்டு வருவார்கள். “பதினாலு பாட்டு இருக்கிறது, ஒரு அறுபதில் போட்டுவிடுங்கள்” என்பார்கள். பதினாலும் நான்கு நிமிடப் பாட்டாக இருந்தால் சரி. நடுவில் ஏழு நிமிடப் பாட்டு ஒன்று புகுந்துவிட்டால், அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்து நிற்கும். மறுநாள் சண்டைக்கு வருவார்கள். அதனால் தாளை வாங்கியதும் ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் பென்சிலால் நிமிடமும் நொடியும் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகுதான் டெக்கைத் திறப்பேன்.

பெட்டியில் 4,000 பாடல்கள் என்று அச்சிட்டவரும் அந்த வாடிக்கையாளரைப் போலத்தான். 16 ஜி.பி.யை 4,000ஆல் வகுத்துப் பாருங்கள், பாட்டுக்கு நான்கு எம்.பி. வரும். நான்கு நிமிடப் பாட்டை 128 கிலோபிட் (ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு) எம்.பி.3 ஆக மாற்றினால் ஆகிற அளவு அது. ஒரு மணி நேர ராகம் தானம் பல்லவி அவர் கணக்கில் ஒரு ‘பாட்டு’. இடத்திலோ பதினைந்து பாட்டு. 2001 அக்டோபரில் ஆப்பிள் தன் முதல் ஐபாடை 5 ஜி.பி. வட்டுடன் கொண்டுவந்து, ஆயிரம் பாடல்கள் உங்கள் பையில் என்று விளம்பரம் செய்ததும் இதே வகைக் கணக்குத்தான். பாட்டுக்கு ஐந்து எம்.பி. என்று வைத்துக்கொண்டார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1998இல் கொரியாவிலிருந்து எம்.பி.மேன் என்ற பிளேயர் வந்தது. அதன் நினைவகம் 32 எம்.பி. அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் பாடும், அதாவது என் கடை அறுபது கேசட்டின் ஒரு பக்கம்.

ஆகவே பாட்டை விட்டுவிட்டு மணியைக் கூட்டுங்கள். அதற்கு ஒரே ஒரு வாய்ப்பாடு போதும். எம்.பி.3இன் கிலோபிட் எண்ணை 0.45ஆல் பெருக்கினால், ஒரு மணி நேரப் பாட்டுக்கு எத்தனை எம்.பி. என்பது வந்துவிடும். 128 என்றால் மணிக்கு 58, 192 என்றால் 86, 256 என்றால் 115, உச்சமான 320 என்றால் 144. அது எம்.எஸ். குரலா, தவில் தனியா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தெரியாது.

இப்போது உங்கள் பரணுக்கு வருவோம். அறுபது நிமிடக் கேசட் 170, ஆக 170 மணி. தொண்ணூறு நிமிடம் 40, ஆக 60 மணி. மொத்தம் 230. வீட்டில் பதிவான சாதாரண நாடாவில் உச்ச அதிர்வெண்கள் ஏறும்போதே மழுங்கிவிடும், மேலே இரைச்சலும் உண்டு. அதை 320இல் ஏற்றினால் இரைச்சல்தான் துல்லியமாகக் கேட்கும். 128 தாராளம்: 13 ஜி.பி. அவற்றில் வானொலியிலிருந்து பிடித்த கச்சேரிகள் இருந்தால் அவை மோனோ. இரண்டு காதுக்கும் ஒரே ஒலி என்பதால் மோனோவாகவே 64இல் வையுங்கள். பாதி இடம், அதே தரம்.

சி.டி. 85. ஒன்றுக்குச் சராசரி ஒரு மணி என்று வைத்தால் 85 மணி. சி.டி.யில் விஷயம் இருக்கிறது, அதற்கு 256 கொடுங்கள்: பத்து ஜி.பி.க்குச் சற்றுக் குறைவு. மகன் கொடுத்த பென் டிரைவுக்குக் கணக்கே வேண்டாம், கணினியில் செருகினால் அதுவே சொல்லும். பாட்டுக்கு நாலரை நிமிடம், 192 கிலோபிட் என்று வைத்தால் ஏழு ஜி.பி. இருக்கும்.

ஆக மொத்தம் 30 ஜி.பி. பிளேயரில் செருகும் 32 ஜி.பி. மெமரி அட்டையில் கழுத்து வரை வந்துவிடும், நாளைக்கு ஒரு சி.டி. வாங்கினால் மூச்சு முட்டும். 64 ஜி.பி. வாங்குங்கள். பாதிக்கு மேல் காலியாக இருக்கும், இருக்கட்டும். 256இன் மிச்சப் பணத்தில் காதுக்கு நல்லதாக ஒரு ஹெட்போன் வாங்குங்கள், வித்தியாசம் அதில்தான் தெரியும்.

வாங்குமுன் ஒன்று. பிளேயரின் குறிப்பேட்டில் ‘32 ஜி.பி. வரை’ என்று இருக்கிறதா பாருங்கள். பழைய மாதிரிகள் எஸ்.டி.எச்.சி. என்ற, 32 ஜி.பி. வரையிலான அட்டை வகையோடு நின்றுவிடும். 64 ஜி.பி. என்பது எஸ்.டி.எக்ஸ்.சி. வகை. செருகினால் அட்டையே இல்லை என்று சாதிக்கும்.

நீங்கள் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இடம் உங்களுக்குப் பிரச்சினையே அல்ல. 230 மணி நேரக் கேசட்டைக் கணினிக்கு ஏற்ற 230 மணி நேரம் ஆகும். நாடா ஓடுகிற வேகத்தில்தான் ஏறும், குறுக்கு வழி இல்லை. தினம் இரண்டு மணி என்றால் நாலு மாதம் நெருங்கும். என்னிடம் 340 கேசட் இருந்தது. மார்க்கரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, சி.டி.யிலோ வேறு வழியிலோ நல்ல தரத்தில் கிடைப்பதற்கெல்லாம் பெட்டியில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். மிஞ்சியது 61. சபாவில் மடியில் ரெக்கார்டரை வைத்துப் பிடித்தவை, வானொலியில் பிடித்தவை, கல்யாணத்துக் கச்சேரிகள். அவற்றை மட்டும் ஏற்றினேன், ஒன்றரை மாதம் ஆயிற்று. பெருக்கல் குறி போடும்போது மனம் கொஞ்சம் அடித்துக்கொள்ளும். கேசட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, ஏற்ற வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

கே: 64 ஜி.பி. மெமரி கார்டு வாங்கினேன். கணினியில் 59 சொச்சம்தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
வாசகி, காரைக்குடி

ப: இல்லை, அம்மா. அட்டை செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் கணினி 1,024 ஆக எண்ணுகிறது. மூன்று முறை அப்படி வகுத்தால் 64 என்பது 59.6 ஆகும். பொருள் குறையவில்லை, படிதான் வேறு.

உண்மையான ஏமாற்று வேறொன்று, அதில் நானே விழுந்திருக்கிறேன். பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு நடைபாதைக் கடையில் 128 ஜி.பி. அட்டை பாதி விலைக்குக் கிடைத்தது. கணினியும் 119 என்று கணக்காகக் காட்டிற்று. பாட்டெல்லாம் ஏறியது, பெயரெல்லாம் தெரிந்தது. முதல் நூற்றைம்பது கச்சேரித் துண்டுகள் நன்றாகப் பாடின. அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் மௌனம், இல்லாவிட்டால் கரகரப்பு. உள்ளே இருந்தது 8 ஜி.பி. சில்லு. 128 என்று பொய் சொல்லும்படி அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இடம் தீர்ந்த பிறகு வருவதையெல்லாம் வாங்கிக்கொண்டதுபோல் நடிக்கும், எதையும் வைத்துக்கொள்ளாது.

புதிதாக வாங்கிய அட்டையை முழுக்க நிரப்பி, கடைசியாக ஏற்றிய பாட்டைப் போட்டுக் கேளுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்று இதற்கென்றே இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போனால் காலையில் சொல்லிவிடும். ரசீதைத் தூக்கிப் போடும் முன் இதைச் செய்யுங்கள். என்னிடம் ரசீதும் இல்லை, மறுவாரம் அந்தக் கடையும் இல்லை.

கே: எம்.பி.3 கேட்பது பாவம் என்கிறான் என் அக்கா மகன். எல்லாவற்றையும் ஃப்ளாக்கில் வைக்கச் சொல்கிறான். கர்நாடக இசை மட்டுமே கேட்கிறேன். இடம் எவ்வளவு பிடிக்கும்? வேண்டியதுதானா?
வாசகர், கோயம்புத்தூர்

ப: சி.டி.யில் நொடிக்கு 1,411 கிலோபிட் ஓடுகிறது, மணிக்கு 635 எம்.பி. ஃப்ளாக் அதில் ஒரு துளியும் விடாமல் ஏறக்குறைய பாதி அளவுக்கு மடித்து வைக்கும், பட்டுப்புடவையை மடிப்பதுபோல. பிரித்தால் பழையபடி முழுப் புடவை. மணிக்கு 350 எம்.பி. என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு சி.டி.க்கு 35 ஜி.பி.

எம்.பி.3 மடிப்பதில்லை, சிலவற்றை விட்டுவிடுகிறது. தவில் முழங்கும்போது பக்கத்து இருக்கைக்காரர் தொண்டையைச் செருமினால் உங்களுக்குக் கேட்காது அல்லவா? கேட்காததை எதற்கு எழுதிவைப்பது என்பதே அதன் தத்துவம். கிலோபிட் குறையக் குறைய, கேட்கக்கூடியதிலும் கை வைக்கும். முதலில் அடிபடுவது சட்டென்று விழும் ஒலிகள். கடத்தின் நகச் சொடுக்கு, ஜாலரா, கடைசியில் வரும் கைதட்டல். குறைந்த கிலோபிட்டில் கைதட்டல் மழைச் சத்தம்போல் ஆகிவிடும். குரலும் வீணையும் நீண்ட நேரம் தாங்கும்.

மருமகனோடு வாதம் வேண்டாம், சோதனை செய்யுங்கள். ஒரே தனி ஆவர்த்தனத்தை 128, 192, 320, ஃப்ளாக் என்று நாலாக மாற்றி, எது எது என்று சொல்லாமல் வீட்டில் வேறொருவரைப் போடச் சொல்லுங்கள். எனக்கு 67 வயது. 128ஐ ஐந்து தடவையும் பிடித்துவிட்டேன். 192க்கு மேல் என் பதில்கள் திருவுளச் சீட்டுத்தான். சவாலை வீசிய என் பேரனுக்கும் 320இல் அதே கதி. அவன் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. புளூடூத் ஹெட்போனில் கேட்கிறீர்கள் என்றால், வழக்கமான கருவிகளில் ஒலி மறுபடியும் சுருக்கப்பட்டுத்தான் காதுக்கு வருகிறது. ஃப்ளாக்கின் அருமை வழியிலேயே போய்விடும்.

என் ஏற்பாடு இது: சி.டி.யிலிருந்து எடுத்ததை ஃப்ளாக்காக வீட்டு ஹார்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். பிளேயருக்கு அதிலிருந்து 256 எம்.பி.3 நகல். ஃப்ளாக்கிலிருந்து எம்.பி.3 எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எம்.பி.3ஐ ஃப்ளாக்காக மாற்றினால் இடம்தான் வீங்கும், விட்டுப்போனது திரும்பாது. மருமகன் அப்படி மாற்றித் தருகிறேன் என்றால் மட்டும் தடுத்துவிடுங்கள்.

கே: போனிலேயே பாட்டுக் கேட்கலாமே, தனிப் பிளேயர் எதற்கு?
வாசகர், திருப்பூர்

ப: போன் போதும் என்றால் போதும். என் அம்மாவுக்கு 88 வயது. தடவும் திரை பழகவில்லை, அழுத்தும் பொத்தான் பழகியிருக்கிறது.

கே: மார்கழிக்காக முப்பது பாசுரங்களை வரிசையாக ஏற்றினேன். முதல் பாசுரத்துக்குப் பிறகு பத்தாவது, பதினொன்றாவது என்று போகிறது. கருவி கோளாறா?
வாசகி, ஸ்ரீரங்கம்

ப: கருவிக்கு எண் தெரியாது, எழுத்துத்தான் தெரியும். 1 என்று தொடங்குவதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் 2க்கு வரும். கோப்புப் பெயர்களை 01, 02 என்று தொடங்குங்கள். அப்படியும் மாறினால், மலிவான பிளேயர்கள் சில, ஏற்றிய வரிசையிலேயே பாடும். அட்டையிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றுங்கள். முப்பதுதானே.

கே: என் தந்தை நாகஸ்வரக் கலைஞர். 1983இல் ஊர்க் கோயில் திருவிழாவில் அவர் வாசித்தது ஒரே ஒரு தொண்ணூறு நிமிடக் கேசட்டில் இருக்கிறது. பதினைந்து வருடமாகப் போட்டுக் கேட்கவில்லை, பயமாக இருக்கிறது. இதைப் பிளேயரில் வைக்க எவ்வளவு இடம் வேண்டும்?
வாசகர், திருவாரூர்

ப: இதற்கு இடக் கணக்குப் பார்க்காதீர்கள். சுருக்காமல் அப்படியே வேவ் கோப்பாக எடுங்கள். தொண்ணூறு நிமிடத்துக்கு 950 எம்.பி. ஆகும், இன்றைக்கு அது ஒன்றுமே இல்லை. மூன்று இடத்தில் நகல் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். நடையின்போது கேட்க எம்.பி.3 தனியாகச் செய்துகொள்ளலாம்.

தொண்ணூறு நிமிட நாடா மெல்லியது. வெகுநாள் சுற்றியபடியே கிடந்தால் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் மங்கலாக ஒட்டிக்கொள்ளும். அப்பா சீவாளியில் உதடு வைப்பதற்கு ஒரு நொடி முன்பே அவர் நாதம் ஆவிபோல் கேட்கலாம். பயப்படாதீர்கள், நாடா கெட்டுவிடவில்லை. உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறதா என்று ஜன்னல் வழியே பாருங்கள். இருந்தால் டெக்கில் போடாமல் பழைய ரெக்கார்டர் மெக்கானிக் யாரிடமாவது காட்டுங்கள். இல்லையென்றால், உபயோகமில்லாத வேறொரு கேசட்டைப் போட்டு டெக் நாடாவைக் கடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்டைப் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். கேசட்டை ஒரு முறை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றிவிட்டுப் பிறகு பதிவைத் தொடங்குங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. என் கடையில் ஒருநாள் மின்சாரம் போய் வந்த அவசரத்தில், பிளேயோடு சேர்த்துப் பக்கத்துப் பொத்தானையும் அழுத்திவிட்டேன். யாரோ ஒருவரின் பாட்டியின் தாலாட்டில் பதினோரு நொடி போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. உங்கள் கேசட்டின் முதுகு விளிம்பில், நாடா தெரியும் பக்கத்துக்கு எதிர்ப்புறம், இரண்டு ஓரத்திலும் சிறிய பிளாஸ்டிக் தடுக்குகள் இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டையும் உடைத்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு எந்த டெக்கிலும் பதிவுப் பொத்தான் கீழே இறங்காது.